ஓடுகிற ஆறு எப்படி உறைகிறது? நீர்மின் அணைகளில் குளிர்காலப் பனிக்கட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தில்லியில் மயூர் விஹார் பக்கம் இருக்கிறேன். நீர்மின் நிலையங்களை வடிவமைக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். போன மார்கழியில் காலை பஜனை முடிந்து வெண்பொங்கலுக்குக் காத்திருந்தபோது, ஒரு பையன் போனில் ஒரு வீடியோ காட்டினான். வெளிநாட்டு ஆறு ஒன்று வெள்ளைக் கூழ் போல ஐஸைச் சுமந்துகொண்டு ஓர் அணையை நோக்கி மெதுவாக நகர்கிறது. "அங்கிள், ஓடுற தண்ணி எப்படி உறையும்? கரண்ட் நின்னுடாதா?" என்றான். அன்று பத்து நிமிடம் பேசினேன். அதன்பிறகு மாமிகள், மாமாக்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று ஆளுக்கொரு கேள்வியோடு வந்தார்கள். அந்தக் கேள்விகளும் என் பதில்களும்தான் இவை.

முதலில், நீங்கள் சொல்லும் 'பனி' எந்தப் பனி?

நியாயமான கேள்வி. புல்லில் படிவதும் பனி, ஜனவரியில் தில்லி ரயில்களைத் தாமதப்படுத்தும் மூடுபனியும் பனி, சிம்லாவில் கொட்டுவதும் பனி, முன்பனிக் காலமும் பனிதான். இங்கே நான் பேசுவது தண்ணீரே உறைந்து உருவாகும் பனிக்கட்டியைப் பற்றி. குழப்பம் வராமல் இருக்கப் பல இடங்களில் 'ஐஸ்' என்றே எழுதுகிறேன்.

அணைத் தேக்கம் ஏன் மேலிருந்து உறைகிறது? அடியில்தானே குளிர் அதிகம் இருக்க வேண்டும்?

தில்லிக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பம் முதல் குளிர்காலத்தில் காணும் அதிசயம் தேங்காய் எண்ணெய் பாட்டில். 24 டிகிரிக்குக் கீழே போனால் எண்ணெய் வெள்ளையாக இறுகிவிடும். அது பாதி இறுகியிருக்கும்போது பாருங்கள், கட்டியான பகுதி அடியில் இருக்கும். ஏறக்குறைய எல்லாப் பொருளும் அப்படித்தான். இறுகினால் சுருங்கும், கனக்கும், மூழ்கும்.

தண்ணீரோ முறை மாறி நடக்கும். குளிரக் குளிர அது கனமாகிக்கொண்டே வரும், ஆனால் 4 டிகிரி வரைதான். அதற்குக் கீழே போனால் மறுபடி இலேசாகிவிடும். உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடிவிடுகிறது. அதனால் ஆழமான தேக்கத்தில் 4 டிகிரித் தண்ணீர் அடியில் போய்த் தங்கும், 0 டிகிரித் தண்ணீர் மேலே இருக்கும், அதன்மேல் ஐஸ் மூடியாகக் கட்டும். மீன்கள் அடியில் பிழைத்துக் கிடப்பதும், மின்நிலையம் குளிர்காலத்தில் ஓடுவதும் இதனால்தான். ஆழத்தில் வாய் வைத்துத் தண்ணீர் எடுக்கும் நிலையத்துக்கு வருவது உறையாத தண்ணீர்.

அப்படியானால் ஆறு? ஓடிக்கொண்டே இருப்பதால் உறையாது என்றுதானே படித்தோம்?

ஓட்டம் உறைவதைத் தள்ளிப்போடும், தடுத்துவிடாது. தள்ளிப்போடுவதுதான் சிக்கலையே கொண்டுவருகிறது.

வேகமாக ஓடும் ஆற்றில் மேல் தண்ணீர், அடித் தண்ணீர் என்ற பிரிவே கிடையாது. எல்லாம் கலந்து புரண்டுகொண்டே போகும். அதனால் ஆற்றின் மொத்த ஆழமும் ஒரே சீராக 0 டிகிரிக்கு வந்துவிடும். காற்று அதற்கும் கீழே குளிராக இருந்து, வானம் தெளிவாக இருந்தால், இரவில் தண்ணீர் 0-க்கும் கீழே நூற்றில் சில பங்கு டிகிரி இறங்கும். உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் இருக்கும் இந்த நிலைக்கு மீக்குளிர்வு என்று பெயர்.

அந்த நேரத்தில் ஆற்றின் மேலே ஏடு கட்டாது, தண்ணீருக்கு உள்ளேயே ஐஸ் பிறக்கும். மில்லிமீட்டர் அளவில், மெல்லிய வட்டத் தகடுகளாக, கோடிக்கணக்கில். இதற்கு ஃபிரேஸில் என்று பெயர். கனடாவின் பிரெஞ்சுக்காரர்கள் வைத்தது. கரிச்சில்லைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள்.

ஃபிரேஸிலின் கெட்ட குணம் ஒட்டுவது. தண்ணீர் மீக்குளிர்ந்திருக்கும் வரை இந்தத் துகள்கள் எதைத் தொட்டாலும் பிடித்துக்கொள்ளும். ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகும். ஆற்றடிக் கூழாங்கல்லில் ஒட்டினால் அடி ஐஸ். இரும்பில் ஒட்டினால்தான் மின்நிலையத்துக்கு ஆபத்து.

மின்நிலையம் எப்படி நின்றுபோகிறது?

டர்பைனுக்குத் தண்ணீர் போகும் வாயில் இரும்புக் கம்பிகளால் ஒரு தடுப்பு இருக்கும். டிராஷ் ராக் என்போம். மரக்கட்டை, செடி, பிளாஸ்டிக் எதுவும் உள்ளே போகாமல் காக்க வைத்தது. மீக்குளிர்ந்த தண்ணீர் அதன் வழியே போகும்போது ஒவ்வொரு கம்பியிலும் ஐஸ் ஒட்டி வளரும். இடைவெளி குறையும், தண்ணீர் குறையும், தடுப்புக்கு முன்னும் பின்னும் மட்டத்தில் வித்தியாசம் கூடும். சில மணி நேரத்தில் முழுக்க அடைத்துக்கொள்ளலாம். கவனிக்காமல் விட்டால் பின்னால் தண்ணீர் இல்லாமல், முன்னால் இருக்கும் தண்ணீரின் பாரத்தில் தடுப்பே வளைந்துவிடும்.

வேலையில் சேர்ந்த புதிதில் லடாக்கில் ஒரு சிறிய கால்வாய் மின்நிலையத்தில் இதை நேரில் பார்த்தேன். ராத்திரி பத்து மணிக்கு எல்லாம் சரியாக இருந்தது. மூன்று மணிக்கு இயந்திரத்தின் சத்தம் மாறியது. டார்ச் அடித்துப் பார்த்தால் தடுப்புக் கம்பிகள் வெள்ளைச் சுவராகிவிட்டிருந்தன. நீளக் கம்பியால் குத்தினோம், வெந்நீர் ஊற்றினோம். குத்திய இடம் கண்ணெதிரே மறுபடி மூடிக்கொண்டது. அங்கே வேலை பார்த்த லடாக்கி பெரியவர், "வெயில் வரட்டும்" என்று மட்டும் சொன்னார். காலை பத்து மணிவாக்கில் வெயில் தண்ணீரில் விழுந்ததும், தானாகவே பொலபொலவென்று கழன்று போயிற்று. காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. வெயில் தண்ணீரை நூற்றில் சில பங்கு டிகிரி ஏற்றினாலே போதும், மீக்குளிர்வு போய்விடும், பிடிப்பும் போய்விடும்.

அணைக்கு மேலே, ஆறு தேக்கத்தில் சேரும் இடத்தில் ஐஸ் குவிவது ஏன்?

வேகம் குறைவதால். சந்தை நெரிசலில் நடந்து வருகிறவர்கள் முன்னால் இருப்பவர் நின்றதும் மேலே மேலே மோதுவார்களே, அதுபோல. ஆறு சுமந்துவரும் கூழும் பாளங்களும் தேக்கத்தின் தலைமாட்டுக்கு வந்ததும் அங்கே ஏற்கனவே கட்டியிருக்கும் ஐஸ் மூடியின் விளிம்பில் முட்டும். சில பாளங்கள் அங்கேயே நின்று மூடியை ஆற்றின் எதிர்த்திசையில் நீட்டிக்கொண்டே போகும். மீதி, மூடிக்கு அடியில் இழுபட்டுப் போய், ஓட்டம் மெலியும் இடத்தில் மேலெழுந்து அடிப்பக்கம் ஒட்டிக்கொள்ளும்.

நாட்கணக்கில் இப்படிச் சேர்ந்தால் ஐஸ் மூடிக்குக் கீழே பல மீட்டர் தடிமனுக்கு ஒரு குவியல் தொங்கும். இதைத் தொங்கு அணை என்றே அழைக்கிறார்கள். மேலே பார்த்தால் சமதளம், கீழே பாதி ஆற்றை அடைத்த சுவர். தண்ணீர் போக வழி குறைந்து, மேல்பக்கம் மட்டம் உயரும். கடுங்குளிரில், மழை ஒரு சொட்டுக்கூட இல்லாமல் கரையோர ஊரில் வெள்ளம் வரும்.

அப்படியானால் ஐஸ் மூடி கட்டாமல் பார்த்துக்கொள்வதுதானே நல்லது?

எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மை இதற்கு நேர் எதிர். எனக்கு ஒரே ஒரு விஷயம் சொல்ல அனுமதி கிடைத்தால் இதைத்தான் சொல்வேன்: மூடிய ஆறு நல்ல ஆறு, திறந்த ஆறுதான் ஐஸ் ஆலை.

ஒரு சின்னக் கணக்கு. காற்று மைனஸ் 20 டிகிரி, தண்ணீர் 0 டிகிரி. மேலே எதுவும் மூடாத தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 400 வாட் வெப்பத்தை இழக்கும். ஒரு கிலோ தண்ணீர் உறைய 334 கிலோஜூல் போக வேண்டும். ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ ஐஸ். ஒரு சதுர கிலோமீட்டர் திறந்த ஆற்றிலிருந்து ஒரே நாளில் ஒரு லட்சம் டன்! அத்தனையும் கீழே இருக்கும் அணையை நோக்கி வரும்.

அதே ஆற்றின்மேல் 30 சென்டிமீட்டர் ஐஸ் மூடி இருந்தால் வெப்ப இழப்பு கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்காகிவிடும். அதன்மேல் வெண்பனியும் விழுந்திருந்தால் இன்னும் வெகுவாகக் குறையும். நாம் போர்த்திக்கொள்ளும் ரஜாய் செய்வதைத்தான் அந்த மூடியும் செய்கிறது. முக்கியமாக, மூடிக்குக் கீழே தண்ணீர் மீக்குளிர முடியாது, ஃபிரேஸில் பிறக்காது. புதிதாக உறைவதெல்லாம் மூடியின் அடிப்பக்கத்தில் அமைதியாகச் சேரும்.

அதனால்தான் கனடாவில் மாண்ட்ரியல் அருகே செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் பொஹார்னுவா மின்நிலையக் கால்வாயில், ஐஸ் கட்டும் சில நாட்கள் வேண்டுமென்றே நீரோட்டத்தைக் குறைக்கிறார்கள். அத்தனை குளிரில் மின்சாரத் தேவை உச்சத்தில் இருக்கும்போது உற்பத்தியைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார்கள். மூடி வழவழப்பாக, உறுதியாகக் கட்டிவிட்டால் பிறகு மறுபடி ஓட்டத்தைக் கூட்டலாம். அவசரப்பட்டு ஓட்டத்தை ஏற்றி இறக்கினால் மூடி உடைந்து, குவிந்து, குளிர்காலம் முழுக்கத் தொல்லை தரும். இவ்வளவு பொறுமையான நிர்வாகம் வேறு எந்த மின்நிலையத்திலும் தேவைப்படாது என்பது என் எண்ணம்.

வேறு என்ன உபாயங்கள் இருக்கின்றன?

மிதவை வேலி ஒன்று. ஈரி ஏரி நயாகரா ஆறாக மாறும் இடத்தில் 1964 முதல் ஒவ்வொரு குளிர்காலமும் ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் நீள மிதவைச் சங்கிலி போடுகிறார்கள். அது ஐஸை முழுக்கத் தடுப்பதில்லை. ஏரியின் வாயில் இயற்கையாகக் கட்டும் ஐஸ் வளைவுக்குப் பிடிமானம் கொடுக்கிறது, அவ்வளவுதான். பெரும்புயலில் ஐஸ் அதன்மேல் ஏறிப் போய்விடும், புயல் தணிந்ததும் மறுபடி வளைவு கட்டும்.

மதகுக் கதவுகளுக்கு மின்சூடு வைப்பார்கள். இல்லையென்றால் அடியில் குழாய் போட்டுக் காற்றுக் குமிழிகள் விடுவார்கள். குமிழி மேலே வரும்போது அடியிலிருக்கும் சற்றே சூடான தண்ணீரையும் கூட்டிக்கொண்டு வரும், கதவோரம் உறையாது. சில நிலையங்கள் ஃபிரேஸில் வரும் இரவில் டிராஷ் ராக்கையே தூக்கிவிடுகின்றன. துகள்கள் டர்பைன் வழியே போனால் போகட்டும் என்று. ஐஸ்லாந்தில் 1969-ல் ஓடத் தொடங்கிய பூர்ஃபெல் நிலையத்தில் ஐஸைத் தனியே ஒதுக்கித் தள்ளும் மதகுகளை வடிவமைப்பிலேயே சேர்த்தார்கள். என் அனுபவத்தில் முதலிலேயே யோசித்துக் கட்டுவதற்கு ஈடு எதுவும் இல்லை.

நயாகராவில் ஏதோ பாலம் விழுந்ததாமே?

ஆமாம். 1938 ஜனவரி 27. ஈரி ஏரியிலிருந்து புயல் தள்ளிவந்த ஐஸ், அருவிக்குக் கீழே பள்ளத்தாக்கில் மலைபோல் குவிந்து, ஹனிமூன் பாலம் என்று மக்கள் அழைத்த இரும்பு வளைவுப் பாலத்தின் கால்களை நெருக்கி அதை வீழ்த்தியது. பள்ளத்தாக்கின் அடியில் இருந்த மின்நிலையத்துக்குள்ளும் ஐஸ் புகுந்தது. அதற்கு 90 வருடம் முன்பு, 1848 மார்ச் இறுதியில், ஆற்றின் தொடக்கத்தில் ஐஸ் அடைத்துக்கொண்டு நயாகரா அருவியே ஒரு நாளுக்கு மேல் வற்றிக் கிடந்தது.

ஐஸ் அணையின் சுவரைத் தள்ளுமா?

தள்ளும். ஆனால் கடுங்குளிரில் அல்ல, குளிர் தணியும்போது. ஐஸ் பாளமும் இரும்பு போல வெப்பத்தில் விரியும். 100 மீட்டர் பாளம் 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் நீளும். ஒரு பக்கம் கரை, ஒரு பக்கம் அணை, எங்கே போகும்? கனடாவில் அணை வடிவமைக்கும்போது ஒரு மீட்டர் நீளத்துக்கு 150 கிலோநியூட்டன், அதாவது சுமார் 15 டன் தள்ளல் என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம். பெரிய அணைக்கு இது தூசு. உயரம் குறைந்த அணைக்கும் மதகுத் தூண்களுக்கும் பெரிய விஷயம்.

எவ்வளவு தடிமன் கட்டும்?

ஸ்டெஃபான் என்ற ஆஸ்திரிய இயற்பியலாளர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வழி சொன்னார். தினசரிச் சராசரி 0-க்குக் கீழே எத்தனை டிகிரி என்று நாள்தோறும் கூட்டுங்கள். அதன் வர்க்கமூலத்தை ஏறக்குறைய 2-ஆல் பெருக்கினால், வெண்பனி மூடிய ஏரிக்குச் சென்டிமீட்டரில் தடிமன் கிடைக்கும். 30 நாள் மைனஸ் 10 டிகிரி என்றால் 300. வர்க்கமூலம் சுமார் 17. ஆக 35 சென்டிமீட்டரை ஒட்டி. அதே குளிர் 60 நாள் நீடித்தாலும் 70 வராது, 50-தான் வரும். ஐஸே ஐஸுக்குப் போர்வையாகிவிடுகிறது.

அணை கட்டினால் கீழே ஆறு உறையாமல் போகுமா?

போகும். சைபீரியாவில் யெனிசெய் ஆற்றின் குறுக்கே 6,000 மெகாவாட் கிராஸ்நோயார்ஸ்க் அணை வந்தபின், கீழே இருக்கும் அதே பெயருள்ள நகரில் ஆறு குளிர்காலத்தில் உறைவதில்லை. தேக்கத்தின் ஆழத்திலிருந்து வரும் தண்ணீர் அந்த அளவுக்கு வெதுவெதுப்பு. மைனஸ் 30-இல் அந்தத் திறந்த தண்ணீரிலிருந்து ஆவி எழுந்து நகரத்தை மூடுபனி சூழ்ந்துகொள்கிறது. தில்லிவாசிகளான நமக்கு அந்தக் கஷ்டம் சொல்லாமலே புரியும்.

இந்தியாவில் இந்தப் பிரச்சினை உண்டா? பக்ரா, தெஹ்ரி அணைகள் உறையுமா?

பக்ராவும் தெஹ்ரியும் உறையாது. அவ்வளவு உயரத்தில் இல்லை, குளிரும் போதாது. உண்மையில் நம் இமயமலை நிலையங்களுக்கு ஐஸைவிடப் பெரிய எதிரி வண்டல். சட்லெஜில் 1,500 மெகாவாட் நாத்பா ஜாக்ரி நிலையத்தை மழைக்காலத்தில் வண்டல் அளவு மீறும்போது நிறுத்திவைக்கிறார்கள்.

லடாக் வேறு உலகம். அங்கே சிந்து ஆற்றில் 45 மெகாவாட் நிமூ பாஸ்கோ, கார்கில் பக்கம் சுரு ஆற்றில் 44 மெகாவாட் சுட்டக், இரண்டும் 2014 ஆகஸ்டில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. குளிர்காலத்தில் உறைந்து, ஜனங்கள் மேலே நடந்துபோகும் சன்ஸ்கார் ஆறு, நிமூ ஊரருகே சிந்துவில் கலந்து, பிறகுதான் நிமூ பாஸ்கோ அணைக்கு வருகிறது. சிறு கால்வாய் நிலையங்கள் பல குளிர்காலத்தில் முடங்கிவிடும் அல்லது பாதி ஓடும். தேவை அதிகமான நேரத்தில் தண்ணீர் இல்லாத கொடுமை அது. ஸ்ரீநகரிலிருந்து லே வரை 220 கிலோவோல்ட் மின்பாதை 2019 பிப்ரவரியில் வந்த பிறகுதான் லே தேசிய மின்தொகுப்போடு சேர்ந்தது. என்னைக் கேட்டால் அங்கே அது ஒரு அணைக்குச் சமமான நன்மை.

தில்லி மின்சாரத்துக்கு இதனால் பாதிப்பு வருமா?

ஐஸால் நேரடியாக இல்லை. ஆனால் மலையில் தண்ணீர் வெண்பனியாகத் தங்கிவிடுவதால் குளிர்காலத்தில் இமயமலை ஆறுகள் மெலிந்துவிடும். கிடைக்கும் தண்ணீரைச் சிறு தேக்கங்களில் பிடித்துவைத்து, நாம் கீஸரும் ஹீட்டரும் போடும் காலை, மாலை சில மணி நேரத்துக்கு மட்டும் முழு வேகத்தில் ஓட்டுவார்கள். தில்லியின் உச்சத் தேவை கோடையில்தான் வரும். 2024 ஜூன் 19-ல் 8,656 மெகாவாட் தொட்டது. குளிர்காலத்திலும் 5,000-ஐத் தாண்டும்.

யமுனை உறைந்ததுண்டா?

வாய்ப்பே இல்லை. தில்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1935 ஜனவரி 16-ல் மைனஸ் 0.6 டிகிரி. அதுவும் விடியற்காலைக் கொஞ்ச நேரம்தான்.

எங்கள் ஊட்டியில் உறைபனி விழுகிறதே? அவலாஞ்சி அணைகள்?

அது புல்லின்மேல், கார் கண்ணாடிமேல் படியும் உறைபனி. தரை வெகு சீக்கிரம் வெப்பத்தை இழக்கும், தண்ணீர் இழக்காது. பகலில் வெயில் அடித்துவிடுவதால் அவலாஞ்சி அணைகளுக்கும் குந்தா, பைக்காரா மின்நிலையங்களுக்கும் அந்தக் கவலை இல்லை.

2021-ல் உத்தரகாண்டின் சமோலியில் நடந்தது இதுதானா?

இல்லை. பிப்ரவரி 7 அன்று மலையிலிருந்து பாறையும் பனிப்பாளமும் சேர்ந்து பெயர்ந்து விழுந்தன. விழுந்த வேகத்தின் உராய்வில் பனி உருகிச் சேறாகி, ரிஷிகங்கா, தபோவன் நீர்மின் திட்டங்களை அடித்துச் சென்றது. இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். பெரும்பாலும் வேலைக்கு வந்த தொழிலாளர்கள். இரண்டிலும் ஐஸ் இருப்பதால் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம், காரணம் முற்றிலும் வேறு.

பசங்கள் ஜனவரியில் சன்ஸ்கார் 'சாதர்' மலைநடைக்குப் போகிறார்கள். அப்படியே உறைந்த அணைத் தேக்கத்திலும் நடக்கலாமா?

தயவுசெய்து கூடாது. இயற்கை ஏரியில் 10 சென்டிமீட்டர் தெளிவான, கெட்டியான ஐஸ் ஒரு ஆளைத் தாங்கும் என்பது பொது விதி. தேக்கத்தில் அந்த விதி செல்லாது. மின் உற்பத்திக்காக மட்டம் இறங்கும்போது கரையோரம் ஐஸ் பிளக்கும், சில இடத்தில் அடியில் தண்ணீரே இல்லாமல் வெற்றுக் கூரையாக நிற்கும். நீர் எடுக்கும் வாய்க்கு அருகில் ஓட்டம் அடியிலிருந்து அரித்துக்கொண்டிருக்கும். வெண்பனி மூடியிருந்தால் எதுவும் தெரியாது. சாதரிலும் உள்ளூர்க்காரர் "இன்றைக்கு வேண்டாம்" என்றால் அன்றைக்கு வேண்டாம், பணம் கட்டியிருந்தாலும் சரி.

மீக்குளிர்வை வீட்டில் பார்க்க முடியுமா?

முடியும். சீல் உடைக்காத குடிதண்ணீர் பிளாஸ்டிக் பாட்டில்கள் மூன்று நாலை ஃப்ரீசரில் படுக்க வையுங்கள். ஃப்ரீசரைப் பொறுத்து இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆகும். அதன்பிறகு கால் மணிக்கு ஒருமுறை அசைக்காமல் எட்டிப் பாருங்கள். ஒன்று உறைய ஆரம்பித்ததும் மற்றவற்றை மெதுவாக வெளியே எடுத்து, மேஜையில் ஒரு தட்டுத் தட்டுங்கள். கண்ணெதிரே ஐஸ் ஊசிகள் பாட்டில் முழுக்க ஓடும், சில நொடியில் உள்ளே வெள்ளைக் கூழ். அந்தப் பையனுக்கு இதைத்தான் செய்து காட்டினேன். இரண்டாவது பாட்டிலில்தான் வந்தது. கண்ணாடி பாட்டில் மட்டும் வைக்காதீர்கள், வெடித்துவிடும்.